இவர் என்ன வேலை செய்தார்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், "உங்கள் பத்திரிகை வாழ்க்கையில் இன்றும் உறுத்துகிற முடிவு ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு என்று எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2005 ஏப்ரலில் நான் ஒரு நாளிதழின் இரவு டெஸ்க்கில் இருந்தேன். மாரிஸ் ஹில்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 85 வயதில் இறந்த செய்தி வந்தது. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, ஹெப்படைட்டிஸ் என்று மனிதர்களுக்கும் விலங்குகளுக்குமாக 40க்கும் மேற்பட்ட தடுப்பூசிகளை உருவாக்கியவர். அதே இரவு ஒரு நடிகையின் மணவாழ்க்கை முறிந்த செய்தியும் 4 படங்களோடு வந்தது. நடிகைக்கு அரைப் பக்கம் கொடுத்தேன். ஹில்மனுக்கு மூலையில் 5 வரி. கடைசிப் பதிப்புக்கு ஒரு விளம்பரம் வந்ததும் அந்த 5 வரியையும் எடுத்துவிட்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைத் தொட்டுத்தான் இருந்தன. அதனால் இந்த இதழ் முழுக்க ஒரே விஷயம்.

கேள்வி (கல்லூரி மாணவி): அரசியல், கலை, எதை எடுத்தாலும் சுமாரானவர்கள்தான் உச்சியில் தெரிகிறார்கள். உண்மையிலேயே சிறந்தவர்கள் குறைந்துவிட்டார்களா?

குறையவில்லை அம்மா. ஹில்மனையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரவு அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது செய்தி நிறுவனம் அனுப்பிய குறிப்பு மட்டும்தான். பிறகு உறுத்தல் தாங்காமல் தேடித் தேடிப் படித்தேன்.

1957இல் ஒரு நாள் அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது, ஹாங்காங்கில் மருத்துவமனைகளில் காய்ச்சலோடு மக்கள் நீண்ட வரிசையில் நிற்பதாக ஒரு செய்தி கண்ணில் பட்டது. எத்தனையோ பேர் படித்துவிட்டுப் புரட்டிப் போன பக்கம் அது. இது புது வகை ஃப்ளூ என்று அவருக்குத் தோன்றியது. அங்கிருந்து மாதிரிகளை வரவழைத்துச் சோதித்தார். பெரும்பாலோர் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாத வைரஸ் என்று தெரிந்ததும், தடுப்பூசி தயாரிப்பவர்களைத் தாமே தொடர்புகொண்டு வேலையை ஆரம்பிக்க வைத்தார். சில மாதங்களில் 4 கோடி டோஸ் தயாரானது. ஒரு செய்தித்தாளை அவர் படித்த விதத்தால் எத்தனையோ உயிர் பிழைத்தது. அவர் இறந்தபோது செய்தித்தாள்காரனான நான் செய்ததை மேலே சொல்லிவிட்டேன்.

1963 மார்ச்சில் ஒரு நள்ளிரவு. 5 வயது மகள் ஜெரில் லின் தொண்டை வலிக்கிறது என்று அவரை எழுப்பினாள். தாடை வீங்கியிருந்தது. பொன்னுக்கு வீங்கிதான். குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குக் காரில் போய், மாதிரி எடுக்கும் பொருள்களோடு திரும்பி வந்தார். அவள் தொண்டையில் எடுத்ததைக் கொண்டுபோய் உறைய வைத்தார். அந்த வைரஸை வலுவிழக்கச் செய்து உருவாக்கிய தடுப்பூசிக்கு 1967இல் அனுமதி கிடைத்தது. அதில் இருக்கும் வைரஸ் வகைக்கு இன்றைக்கும் அந்தக் குழந்தையின் பெயர்தான்.

இந்த மாதிரி ஆட்கள் இப்போதும் எங்கோ வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒழுங்காக நடக்கிற வேலைக்குச் செய்தி மதிப்பு கிடையாது என்பது டெஸ்க்கில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம். பாலம் இடிந்தால் செய்தி. 50 வருடம் இடியாமல் நின்றால் அதைக் கட்டிய பொறியாளர் பெயர் யாருக்கும் தெரியாது. பொன்னுக்கு வீங்கி வராத குழந்தையை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

அன்று இரவு என் முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன. "இவர் என்ன வேலை செய்தார்?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். "இவரை எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். சுமாரானவர்கள் மேலே ஏறி வருவதெல்லாம் இந்த இரண்டாவது கேள்வி வழியாகத்தான். கேட்பது நான் மட்டுமா? கட்சி வேட்பாளரைத் தேடும்போதும், விருதுக்குப் பெயர் எழுதும்போதும், தொலைக்காட்சி விவாதத்துக்கு ஆள் கூப்பிடும்போதும் இதே கேள்விதான்.

கேள்வி (ஓய்வு பெற்ற ஆசிரியர்): எங்கள் காலத்தில் தலைவர்களுக்குப் படிப்பும் பேச்சும் இருந்தன. எப்போது சரிந்தது?

ஐயா, தேதி குறிப்பது கஷ்டம். ஆனால் ஒருவர் பொறுமையாக எண்ணிப் பார்த்திருக்கிறார். லியோ லோவென்தால் என்ற சமூகவியலாளர், அமெரிக்காவில் பெரிய அளவில் விற்ற 2 இதழ்களை எடுத்துக்கொண்டார். 1901 முதல் 1941 வரை அவற்றில் யார் யாருடைய வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதினார்கள் என்று கணக்கிட்டார். ஆரம்ப வருடங்களில் அரசியல், தொழில், அறிவுத் துறை ஆட்கள்தான் பெரும்பகுதி. கடைசி வருடங்களில் பாதிக்கு மேல் கேளிக்கை உலகத்தினர். எழுதுகிற விதமும் மாறியிருந்தது. முன்பு ஒருவர் எப்படி உழைத்தார், எதை உருவாக்கினார் என்று எழுதினார்கள். பிறகு அவருக்குப் பிடித்த உணவு, பொழுதுபோக்கு, உடை. இந்த ஆய்வு வெளியானது 1944இல். தொலைக்காட்சி வீடுகளுக்குள் பரவாத காலம். ஆக, நீங்கள் சொல்லும் சரிவு உங்கள் காலத்துக்கும் முந்தியே ஆரம்பித்துவிட்டது.

அரசியலுக்கு வருவோம். 1858இல் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளஸும் செனட்டில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையில், ஓர் இடத்துக்காக 7 ஊர்களில் நேருக்கு நேர் விவாதித்தார்கள். ஒவ்வொன்றும் 3 மணி நேரம். ஒருவர் 60 நிமிடம் பேசுவார், அடுத்தவர் 90 நிமிடம், பிறகு முதலாமவருக்குப் பதில் சொல்ல 30 நிமிடம். ஆயிரக்கணக்கான மக்கள் திறந்த வெளியில் நின்று கேட்டார்கள்.

சரி, அந்தக் காலம் தங்கமா? லிங்கன் அந்த முறை தோற்றுப்போனார். கூட்டத்தில் நின்ற பெண்களுக்கு ஓட்டு கிடையாது. அவர்கள் விவாதித்ததே அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவலாமா என்பதைத்தான். அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போக எனக்கு ஆசை இல்லை. அந்த 90 நிமிடத்தின் மேல் மட்டும் ஆசை.

அது என்ன ஆனது தெரியுமா? அமெரிக்க அதிபர் தேர்தல் நேரத்து மாலைச் செய்திகளை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1968இல் ஒரு வேட்பாளர் குறுக்கீடு இல்லாமல் பேசுவதைச் சராசரியாக 40 விநாடிக்கு மேல் காட்டினார்கள். 1988இல் அது 10 விநாடிக்குள் வந்துவிட்டது. 10 விநாடியில் ஒரு வரித் திட்டத்தை விளக்க முடியாது. எதிராளியைக் கேலி செய்ய முடியும், ஒரு கோஷம் போட முடியும். 90 நிமிடம் பேசச் சரக்கு உள்ளவருக்கும் ஒரே ஒரு வரி மட்டும் வைத்திருப்பவருக்கும் அங்கே வித்தியாசம் தெரியாது. ஒற்றை வரிக்காரர் ஒருவேளை இன்னும் நன்றாகவே தெரிவார்.

கேள்வி (வங்கி ஊழியர்): சாமானியர்கள் ஆட்சிக்கு வருவதுதானே ஜனநாயகம்? "சுமாரானவர்கள்" என்று நீங்கள் பேசுவது மேட்டிமைத்தனமாக இல்லையா?

இந்தக் கடிதத்துக்கு நன்றி. இதைத்தான் முதலில் தெளிவாக்க வேண்டும்.

1970இல் அமெரிக்க அதிபர் நிக்சன், உச்ச நீதிமன்றத்துக்கு ஹேரல்ட் கார்ஸ்வெல் என்பவரைப் பரிந்துரைத்தார். நீதிபதியாக அவர் மிகச் சுமாரானவர் என்று எதிர்ப்பு கிளம்பியது. அவருக்காக வாதாட எழுந்தார் ரோமன் ஹ்ருஸ்கா என்ற செனட்டர். "அவர் சுமாரானவராகவே இருக்கட்டும், சுமாரான நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் மக்களும் ஏராளமாக இருக்கிறார்களே, அவர்களுக்கும் கொஞ்சம் பிரதிநிதித்துவம் வேண்டாமா?" என்ற பொருளில் பேசினார். பரிந்துரை 45க்கு 51 என்று தோற்றது. அந்த இடத்துக்குப் பிறகு வந்த ஹேரி பிளாக்மனை ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஹ்ருஸ்கா செய்த குழப்பம்தான் உங்கள் கேள்வியிலும் இருக்கிறது. சாமானியர் வேறு, சுமாரானவர் வேறு. எர்னஸ்ட் பெவின் என்ற ஆங்கிலேயர் 8 வயதில் தாயை இழந்தவர். 11 வயதில் படிப்பு நின்றது. பண்ணைக் கூலி, அப்புறம் வண்டி ஓட்டும் வேலை. அங்கிருந்து தொழிற்சங்கத்துக்கு வந்து, சிதறிக் கிடந்த சங்கங்களை 1922இல் ஒன்றாக இணைத்து மிகப்பெரிய அமைப்பாக்கினார். போர்க்காலத்தில் தொழிலாளர் அமைச்சர், 1945இல் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர். சாமானியர்களுக்கு இவரைவிட நல்ல பிரதிநிதி உண்டா? அவர் எங்கேயும் சுமாராக வேலை பார்க்கவில்லை. காமராசரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

சாமானியர்களுக்குச் சுமாரானவர் போதும் என்பதுதான் எனக்குத் தெரிந்த மேட்டிமைத்தனம். பணக்காரர் தம் இதய அறுவைச் சிகிச்சைக்குச் சுமாரான மருத்துவரைத் தேட மாட்டார். சுமாரான அமைச்சரால் பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ கெட்டுப்போனால் அவருக்கு வேறு இடம் இருக்கிறது. வேறு இடம் இல்லாதவர்களுக்குத்தான் சிறந்தவர் தேவை.

கேள்வி (இல்லத்தரசி): முகத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள் என்பது மிகைப்படுத்தல்தானே?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2005இல் அலெக்சாண்டர் டோடரோவ் என்ற உளவியலாளரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். அமெரிக்க செனட் தேர்தலில் மோதிய இரண்டு பேரின் முகத்தை, அவர்கள் யார் என்றே தெரியாதவர்களிடம் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். அவர்கள் காட்டிய முகம் 10 தேர்தலில் ஏறக்குறைய 7இல் ஜெயித்த முகமாக இருந்தது. ஒரு விநாடி மட்டும் காட்டியபோதும் கணிப்பு பெருமளவு பலித்தது.

2009இல் வந்த இன்னோர் ஆய்வு என்னைத் தூங்க விடவில்லை. சுவிட்சர்லாந்தில் 5 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கப்பல் பயண விளையாட்டு ஒன்றைக் காட்டி, "உன் கப்பலுக்குத் தலைவராக யாரை வைத்துக்கொள்வாய்?" என்று இரண்டு முகங்களைக் கொடுத்தார்கள். அந்த முகங்கள் பிரான்சின் நாடாளுமன்றத் தேர்தலில் மோதியவர்களுடையவை. குழந்தைகளின் தேர்வும் 10இல் 7 முறை ஜெயித்தவரோடு ஒத்துப்போனது.

குழந்தைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்களிடம் முகத்தைத் தவிர வேறு எதையும் கொடுக்கவில்லை. நமக்கு மட்டும் வேறு என்ன கொடுக்கிறார்கள்? சுவரொட்டியில் முகம், திரையில் முகம். அந்த முகத்துக்குரியவர் கையெழுத்திட்ட கோப்பு ஒன்றை எந்தச் சுவரொட்டியிலாவது பார்த்திருக்கிறீர்களா?

கேள்வி (வாசகர்): நடிகர்கள் அரசியலுக்கு வரக்கூடாது என்கிறீர்களா?

தாராளமாக வரட்டும். ரொனால்ட் ரீகன் 1947இலேயே நடிகர் சங்கத் தலைவர், பிறகு 8 வருடம் கலிபோர்னியாவின் ஆளுநர், அதற்குப் பிறகுதான் 1981இல் அதிபர். அவர் கொள்கைகள் எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். பார்த்து எடைபோட அவரிடம் 8 வருட வேலை இருந்தது. அதைத்தான் கேட்கிறேன்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): சிறந்தவர்களை நமக்கு உள்ளூரப் பிடிக்காதோ?

சில சமயம் பிடிக்காது. பழைய ஏதென்ஸில் ஒருவரை 10 வருடம் நாடு கடத்த ஓட்டெடுப்பு நடத்தும் வழக்கம் இருந்தது. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். கி.மு. 482 வாக்கில் நடந்த ஓட்டெடுப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. எழுதத் தெரியாத ஒருவர் தம் பானை ஓட்டைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டி, அரிஸ்டைடீஸ் என்று எழுதித் தரச் சொன்னார். நின்றவரே அரிஸ்டைடீஸ். "அவர் உமக்கு என்ன கெடுதல் செய்தார்?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை, அவரைத் தெரியவே தெரியாது. எங்கே பார்த்தாலும் 'நியாயவான்' 'நியாயவான்' என்று சொல்வதைக் கேட்டு அலுத்துவிட்டது" என்றார் அவர். அரிஸ்டைடீஸ் மறுபேச்சின்றித் தம் பெயரை எழுதிக் கொடுத்தாராம்.

கதை எவ்வளவு உண்மையோ. அவர் நாடு கடத்தப்பட்டதும், பாரசீகப் படை வந்தபோது 2 வருடத்திலேயே அவசரமாகத் திரும்ப அழைக்கப்பட்டதும் வரலாறு. நெருக்கடி வந்ததும் "இவர் என்ன வேலை செய்தார்?" என்ற கேள்வி தானாக ஞாபகம் வந்துவிடுகிறது, பாருங்கள்.

கேள்வி (பாடகர்): 12 வருடம் முறையாகப் பாட்டுக் கற்றவன். என் காணொளியை 300 பேர் பார்க்கிறார்கள். சுருதி நிற்காத ஒருவருக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள். ரசனையே செத்துவிட்டதா?

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2006இல் மேத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கும் அறிமுகமில்லாத குழுக்களின் 48 பாட்டுகளை இணையத்தில் வைத்தார்கள். 14,000க்கும் மேற்பட்டவர்கள் வந்து கேட்டார்கள், பிடித்ததைப் பதிவிறக்கிக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று காட்டவில்லை. மற்றவர்களை 8 தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தின் எண்ணிக்கையை மட்டும் காட்டினார்கள். 8 உலகத்திலும் அதே 48 பாட்டு, பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

முடிவில் 8 உலகத்திலும் 8 விதமான வரிசை. எண்ணிக்கை தெரியாமல் கேட்டவர்கள் 26ஆவது இடத்தில் வைத்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது. இன்னோர் உலகத்தில் 40ஆவதாகக் கிடந்தது. சரியான சுமார் பாட்டு! ஆரம்பத்தில் நாலு பேர் எடுத்ததைப் பார்த்து நாற்பது பேர், அதைப் பார்த்து நானூறு பேர்.

உங்களுக்காக இன்னொன்றும் அதில் இருக்கிறது. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போவது அபூர்வமாகவே நடந்தது. மிக மோசமானவை உச்சிக்குப் போவதும் அபூர்வம். அதாவது ரசனை சாகவில்லை. நடுவில் இருக்கிற பெரிய கூட்டத்தில் யார் மேலே போவார் என்பதைத்தான் எண்ணிக்கை முடிவுசெய்தது. எண்ணிக்கையைக் காட்டக் காட்ட அதன் பிடி இறுகியது.

இப்போது நாம் பாட்டு கேட்கிற, காணொளி பார்க்கிற எல்லா இடத்திலும் பாட்டுக்குக் கீழேயே எண்ணிக்கையும் இருக்கிறது. 2012இல் யூடியூப், சொடுக்கின எண்ணிக்கையைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்க ஆரம்பித்தது. ஏமாற்றுத் தலைப்புகளைக் குறைக்கிற நல்ல எண்ணம்தான். ஆனால் அதுவும் ஓர் எண்ணிக்கை. நேரம் ஓடியதா என்று பார்க்கும், சுருதி சேர்ந்ததா என்று பார்க்காது. அதற்குக் காது கிடையாது.

உங்கள் 300 பேரில் சங்கீதம் தெரிந்தவர்கள் 10 பேர் இருப்பார்கள். அவர்களுக்கு எழுதுங்கள், எங்கே பிசகியது என்று கேளுங்கள். நான் இளைஞனாக இருந்தபோது என் கட்டுரைகளைச் சிவப்பு மையால் கிழித்துத் தந்த ஒரு மூத்த ஆசிரியர் இருந்தார். அவருக்காகத்தான் எழுதினேன். லட்சக்கணக்கில் விற்ற பத்திரிகையில் என் வாசகர் அவர் ஒருவர்தான். அவர் ஓய்வு பெற்ற பிறகு என் எழுத்து கொஞ்சம் தளர்ந்தது. எனக்கே தெரிந்தது.

கேள்வி (ஒரு தாய்): என் 14 வயது மகள் "பிரபலமாக வேண்டும்" என்கிறாள். எதில் என்று கேட்டால் "எதிலாவது" என்கிறாள். திட்டுவதா, விடுவதா?

திட்ட வேண்டாம் அம்மா. அவள் பார்க்கிற உலகம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறாள்.

ஹெடி லமார் கதையைச் சொல்லுங்கள். 1940களில் உலகின் மிக அழகான பெண் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஹாலிவுட் நடிகை. வீட்டில் ஒரு மேசை போட்டு எதையாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார். எதிரி இடைமறிக்க முடியாதபடி வானொலி அலைவரிசையை மாற்றிக்கொண்டே போய், டார்பிடோ என்ற நீருக்கடியில் பாயும் குண்டை வழிநடத்தும் முறை ஒன்றை, ஜார்ஜ் ஆன்தீல் என்ற இசையமைப்பாளரோடு சேர்ந்து உருவாக்கினார். 1942 ஆகஸ்டில் காப்புரிமை கிடைத்தது. கடற்படை அப்போது அதைப் பயன்படுத்தவில்லை. காப்புரிமைக் காலம் முடியும்வரை அவருக்கு அதில் ஒரு காசும் வரவில்லை. அதற்கான முதல் பெரிய அங்கீகாரம் 1997இல்தான் வந்தது. அப்போது அவருக்கு 80 வயது தாண்டியிருந்தது.

அவருடைய முகம் தெரியாத ஆளில்லை. அந்த மேசை மேல் இருந்தது என்ன என்று கேட்கத்தான் ஆளில்லை. உங்கள் மகளிடம் அவளுடைய மேசையைப் பற்றிக் கேளுங்கள். அவள் நேரம் போவது தெரியாமல் எதையாவது செய்வாள், 14 வயதில் எல்லாருக்கும் ஒன்று இருக்கும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நன்றாக இருந்தால் எது நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வெறுமனே "சூப்பர்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடாதீர்கள், அதை அவள் தொலைபேசியே சொல்லிவிடும்.

கேள்வி (தனியார் அலுவலகப் பணியாளர்): வேலையைச் செய்கிறவனுக்கு வேலை, வேலையைப் பற்றிப் பேசுகிறவனுக்குப் பதவி உயர்வு. ஒழுங்காகச் செய்வதில் என்ன பயன்?

எல்லாம் ஒருநாள் சரியாகும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அது எல்லாருக்கும் உண்மையாவதில்லை. கட்டாலின் கரிகோவுக்கு உண்மையானது. ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா போனவர், எம்.ஆர்.என்.ஏ. (உடல் செல்லுக்குப் புரதம் செய்யும் கட்டளையைக் கொண்டுபோகும் மூலக்கூறு) ஆராய்ச்சிக்குப் பண உதவி கிடைக்காமல் 1995இல் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டார். ஆய்வை விடவில்லை. டிரூ வைஸ்மனோடு சேர்ந்து அவர் எழுதிய முக்கியமான கட்டுரை 2005இல் வெளியானது. அப்போது அதைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. ஹில்மனின் 5 வரியை நான் எடுத்த அதே வருடம். எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிகளுக்கு அந்தக் கட்டுரைதான் அடித்தளம். 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு.

கரிகோவைப் போலவே உழைத்து, கண்டுகொள்ளப்படாமலே ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் பெயரை எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு ஆறுதலாக ஒன்றும் எழுத வரவில்லை. ஒரு யோசனை மட்டும். உங்கள் அலுவலகத்தில் உங்களைப் போல இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் செய்ததைப் பெயர் சொல்லி, கூட்டத்தில், மேலாளர் முன்னால் சொல்லுங்கள். தன் வேலையைத் தானே சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு மற்றவர் வாய்தான் வழி.

கேள்வி (பள்ளித் தலைமையாசிரியை): புலம்பல் போதும். என்னதான் செய்வது?

கணக்குக் கேட்க வேண்டும். நான் கண்ட வழி இதுதான், பழைய வழியும்கூட.

ஏதென்ஸில் பதவிக்காலம் முடிந்த ஒவ்வொரு அதிகாரியும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அது முடியும்வரை நாட்டை விட்டு வெளியே போக முடியாது, சொத்தைக் கைமாற்ற முடியாது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்திருப்பீர்கள். வாரியத்தில் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயரைத் தேர்தல் குடத்தில் இட முடியாது. அவர் மட்டுமா, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் இட முடியாது! நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்களுக்கு மட்டும் திறந்திருந்த சபை அது, அந்தக் குறையை மறைக்க வேண்டாம். கணக்கு என்ற ஒரு நிபந்தனையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சுமாரானவர்களாலேயே நல்லது நடந்த ஒரு சம்பவமும் உண்டு. செஸ்டர் ஆர்தர் என்ற அமெரிக்க அரசியல்வாதி, கட்சிக்காரர்களுக்கு அரசு வேலையைப் பங்கிட்டுத் தரும் முறையில் வளர்ந்தவர். நியூயார்க் சுங்கத் துறைத் தலைமைப் பதவியிலிருந்து 1878இல் நீக்கப்பட்டவர். 1881இல் அதிபர் கார்பீல்டைச் சுட்டவன், தனக்குப் பதவி தரவில்லை என்ற ஆத்திரத்தில் இருந்த ஒருவன். கார்பீல்ட் இறந்ததும் துணை அதிபர் ஆர்தர் அதிபரானார். யாரும் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. 1883 ஜனவரியில், அரசு வேலைக்குத் தேர்வு எழுதித்தான் வர வேண்டும் என்ற சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். ஆரம்பத்தில் பத்தில் ஒரு பங்கு வேலைகளுக்குத்தான் பொருந்தியது. பிறகு விரிந்துகொண்டே போனது. ஆர்தர் ஒரே இரவில் மாமனிதர் ஆகிவிடவில்லை. ஒரு கொலை, அதனால் எழுந்த மக்கள் கோபம், முன்பே சட்டத்தை எழுதி வைத்துக் காத்திருந்த சிலர், எல்லாம் சேர்ந்து அவரைக் கையெழுத்திட வைத்தன.

உங்கள் பள்ளிக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். வாரம் ஒரு முறை, செய்தியில் அடிபடுகிற ஒரு பெயரைப் பலகையில் எழுதுங்கள். இவர் முடித்துக் காட்டிய வேலை என்ன என்று மாணவர்கள் தேடி வரட்டும். அறிவித்தது சேராது, அடிக்கல் நாட்டியது சேராது, முடித்தது மட்டும். மூன்று வரி கிடைக்கிறதா பார்ப்போம். அடுத்த வாரம் அவர்கள் தினமும் பயன்படுத்துகிற ஒரு பொருளைச் சொல்லி, இதைச் செய்தவர் யார் என்று தேடச் சொல்லுங்கள். என்ன வந்தது என்று எனக்கு எழுதினால், இந்தப் பக்கத்தில் இடம் கண்டிப்பாக உண்டு.

கேள்வி (பல வாசகர்கள், வெவ்வேறு வார்த்தைகளில்): அந்த 2005 இரவு திரும்ப வந்தால் என்ன செய்வீர்கள்?

அந்தப் பக்கத்தை மனதுக்குள் பல முறை போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நடிகையின் செய்தியை 5 வரியாக்குவேன், படம் இல்லாமல். துயரத்தில் இருந்த ஒரு பெண்ணின் 4 படங்களை நான் போட்டது அவருக்கும் செய்த அநியாயம்தான்.

மேல் பாதியில் 1966இல் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வைப்பேன். ஹில்மனின் கைக்குழந்தை, இளைய மகள், ஊசி போடும்போது அழுகிறாள். போடுபவர் வேறொரு மருத்துவர். பக்கத்தில் அக்கா ஜெரில் லின் நிற்கிறாள். ஊசியில் இருப்பது 3 வருடம் முன்பு அந்த அக்காவின் தொண்டையில் எடுத்த வைரஸிலிருந்து வந்தது. படத்துக்குக் கீழே இதை மட்டும் எழுதுவேன்.

தலைப்பில் "மாமேதை", "தந்தை" என்று பட்டம் எதுவும் வேண்டாம். அவர் தடுத்த நோய்களின் பெயர்களை வரிசையாக, பெரிய எழுத்தில் போடுவேன். கடைசிப் பதிப்புக்கு விளம்பரம் வந்தால், இந்தப் பக்கத்தில் இடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.